விமான ஆம்புலன்ஸ் வேலைக்கு மாறலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 39. மலேசியாவின் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் 15 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். ஷிஃப்ட் அலவன்ஸ் சேர்த்துச் சம்பளம் 4,700 வெள்ளி (ரிங்கிட்). கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 3,800. வீட்டுக் கடன் 1,450, கார் தவணை 640. இரண்டு பிள்ளைகளையும் மாமியார் பார்த்துக்கொள்கிறார். சேமிப்பு 15,000. கோலாலம்பூர் பக்கம் சுபாங்கில் ஒரு விமான ஆம்புலன்ஸ் நிறுவனம் என்னை அழைக்கிறது. அடிப்படைச் சம்பளம் 4,000, ஒவ்வொரு பயணத்துக்கும் 350. மாதம் நான்கைந்து பயணம் இருக்கும் என்கிறார்கள். பயிற்சிக்கான 6,500 வெள்ளியை நான்தான் கட்ட வேண்டுமாம். அதை இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாமா? இங்கே போஸ்ட் பேசிக் (தாதியர் சிறப்புப் பயிற்சி) படித்ததற்காக வேலை செய்தாக வேண்டிய பாண்ட் இன்னும் 7 மாதம் இருக்கிறது. இடையில் போனால் 8,000 கட்ட வேண்டும். இது என் நெடுநாள் ஆசை. போகலாமா?

பதில்: போகலாம், சகோதரி. ஆனால் இந்த மாதம் வேண்டாம்.

பயணமே இல்லாத ஒரு மாதத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். இப்போது இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தம் எல்லாம் போக உங்கள் கைக்கு ஏறத்தாழ 4,100 வருகிறது. புதிய வேலையில் 4,000 அடிப்படைக்குக் கையில் 3,500 சொச்சம்தான். அதில் 600 குறைந்துவிட்டது. சுபாங் பக்கம் ஓர் அறைக்கு 600, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து போக 300 என்று வைத்தால் மொத்தம் 1,500 துண்டு விழும். நான்கு பயணம் போனால் வருவது 1,400. அப்படியானால் நான்கு பயணம் முடித்தும் இன்று நிற்கும் இடத்துக்கே நீங்கள் முழுதாக வந்து சேரவில்லை. ஐந்தாவது பயணத்தில்தான் மிச்சம் என்று ஏதோ தெரியும். நோயாளி எப்போது வருவார், எத்தனை பேர் வருவார்கள் என்பது நிறுவனத்தின் கையிலும் இல்லை. வங்கி மட்டும் வீட்டுத் தவணையை மாதம் தவறாமல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, அந்த 350 வெள்ளிக்கு உங்கள் சம்பள சிலிப்பில் என்ன பெயர் போடுவார்கள் என்று கேளுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பெரிய பணம். பயண அலவன்ஸுக்கும் ஓவர்டைமுக்கும் இபிஎஃப் பிடிக்க வேண்டியதில்லை என்பது சட்டம். பயணப் பணத்தை 'பயண அலவன்ஸ்' என்று எழுதிவிட்டால் உங்கள் சேமநிதி 4,000 வெள்ளிக்கு மட்டுமே கணக்கிடப்படும். 'பணி அலவன்ஸ்' என்று சம்பளத்தோடு சேர்த்தால் நான்கு பயண மாதத்தில் 5,400 வெள்ளிக்குக் கணக்காகும். 5,000 வெள்ளியைத் தாண்டினால் முதலாளியின் பங்கு 13 விழுக்காட்டிலிருந்து 12 ஆகும், உங்கள் 11 அப்படியே இருக்கும். அப்படியும் மாதம் 280 வெள்ளிக்கு மேல் சேமநிதியில் கூடுதலாகச் சேரும். 55 வயதுக்கு இன்னும் 16 ஆண்டு இருக்கும் ஒருவருக்கு இதை விட்டுக்கொடுக்க மனம் வரக்கூடாது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது இன்சூரன்ஸ். உங்கள் விபத்து பாலிசியை எடுத்து 'விலக்குகள்' பக்கத்தைப் படியுங்கள். இப்படிப்பட்ட பாலிசிகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: உரிமம் பெற்ற விமானத்தில் கட்டணம் செலுத்திய பயணியாகப் போனால் தவிர, வான்பயணத்தில் நேரும் விபத்துக்கு இழப்பீடு இல்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நீங்கள் கட்டணம் செலுத்திய பயணி அல்ல. அப்புறம், வேலை மாறியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் கேட்கும் நாளில் அதுவே தடையாக வந்து நிற்கும். ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். புதிய நிறுவனம் தன் விமானக் குழுவுக்கு எடுத்திருக்கும் பாலிசியில் உங்கள் பெயருக்கு எவ்வளவு தொகை, ஊனம் ஏற்பட்டால் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளியோடு ஸ்ட்ரெச்சரைச் சின்ன விமானத்தின் குறுகிய கதவு வழியே ஏற்றி இறக்குகிற வேலை இது. முதுகு போனால் என்ன ஆகும் என்பதை ஐசியூவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பயிற்சிப் பணத்துக்கு வருவோம். மூன்றாம் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், 2024 மே மாதம் முதல் அதற்கு வழி இருக்கிறது. ஆனாலும் எடுக்காதீர்கள். ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு என்று வைத்தாலும் அந்த 6,500 உங்கள் 55 வயதில் ஏறத்தாழ 14,000 ஆகியிருக்கும். அதைவிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை ஏன் நீங்கள் கட்ட வேண்டும்? கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஈடாகும்போது நோயாளியின் நெஞ்சில் சிக்கிய காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். அதைக் கவனிக்கத் தெரியாத தாதியை அவர்களால் விமானத்தில் ஏற்ற முடியாது. அந்தப் பயிற்சி அவர்களுக்கு அவசியத் தேவை. 15 ஆண்டு ஐசியூ அனுபவம் எளிதில் கிடைப்பதில்லை, பேரம் பேசத் தயங்காதீர்கள். அவர்கள் பணம் கட்டி ஒரு பாண்ட் கேட்டால், மாதம் செல்லச் செல்லத் தொகை குறைவதாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். விமானத் தாதியருக்கான அமெரிக்காவின் சி.எஃப்.ஆர்.என் சான்றிதழ்த் தேர்வுக்கும் இப்போதே பணம் கட்ட வேண்டாம். அதை நடத்தும் அமைப்பே இரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எழுதுவது நல்லது என்கிறது.

பாண்டை முறிக்காதீர்கள். அதற்கு 8,000, பயிற்சிக்கு 6,500 கொடுத்தால் 15,000 சேமிப்பில் 500 மிஞ்சும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்து. ஏழு மாதம் பொறுத்து, மாதம் 500 ஒதுக்கினால் 3,500 சேரும். பயிற்சியை நீங்களே கட்ட நேர்ந்தாலும் 12,000 கையில் இருக்கும். பயணமே இல்லாத ஆறு மாதம் தொடர்ந்து வந்தாலும் துண்டு விழுவது 9,000தான், சமாளித்துவிடலாம்.

இந்த ஏழு மாதத்தில் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். சுமத்ராவிலிருந்து பினாங்கு மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் வருவது நீங்கள் அறிந்ததுதான். விடுமுறை நாளில் பகுதிநேரமாக, பினாங்கில் இருந்தபடியே பயணம் தர முடியுமா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் மருத்துவமனையின் எழுத்து அனுமதி இதற்குக் கட்டாயம். அந்த வருமானத்தை வரிக் கணக்கில் காட்ட வேண்டும், ஊழியராக வைக்காமல் தனி ஒப்பந்தத்தில் பணம் தந்தால் இபிஎஃப்பில் முதலாளி பங்கு வராது, அப்போது நீங்களாகவே கொஞ்சம் போட வேண்டும். ஆனால் அறை வாடகை இல்லாமல், இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் உடம்பும் வீடும் எப்படித் தாங்குகின்றன என்று பார்த்துவிடலாம். மாமியாரிடம் இப்போதே பேசி வையுங்கள், பகல் பொழுதைவிட அந்த இரவுகள்தான் அவருக்குச் சிரமம்.

இன்சூரன்ஸ் கடிதமும் பயணப் பணத்தின் பெயரைக் குறிப்பிட்ட வேலை ஒப்பந்தமும் கையில் வந்த பிறகு ராஜினாமா எழுதுங்கள்.