வலி நின்றுவிட்டது, இனியும் வேர் சிகிச்சை தேவையா?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 42. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வாரமாக ராத்திரி தூங்க முடியாத வலி. சூடாக எதைக் குடித்தாலும் உயிர் போகும். சேலத்தில் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ரூட் கேனல் செய்ய வேண்டும், மூன்று தடவை வர வேண்டும் என்றார். இப்போது நான்கு நாளாக வலியே இல்லை. காபிப் பழம் பறித்து முடித்ததும் போனால் போதுமா? பிடுங்கிவிடுவதே மேல் என்கிறார்கள் வீட்டில். செய்தால் ரொம்ப வலிக்குமா?

பதில்: சகோதரி, வலி நின்றதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. ஆனால் ராத்திரி வலி, சூடு பட்டால் வலி, அப்புறம் திடீரென ஒன்றுமே இல்லை என்றால், பெரும்பாலும் பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிட்டது என்று பொருள். சொத்தை உள்ளே போனதும் அங்கிருக்கும் மெல்லிய சதை வீங்குகிறது. சுற்றிலும் கல் மாதிரி பல் சுவர், வீங்க இடமில்லை. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் ராத்திரியில் அந்தப் பாடு. நரம்பு செத்தபின் வலி தெரிவதில்லை. கிருமி மட்டும் வேர் நுனி வழியாக இறங்கித் தாடை எலும்பை அரிக்கிறது. அது ஒருநாள் கன்ன வீக்கமாக வெளியே வரும். பழம் பறிப்பு முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றால், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

வலி பற்றிக் கேட்டீர்கள். மரத்துப்போகும் ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். சில நிமிடத்தில் பாதி உதடு தடித்துப் போன மாதிரி ஆகிவிடும். நரம்பு உயிரோடு வீங்கியிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சில சமயம் ஒரு ஊசி போதாது. வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டாம், கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். அப்புறம் பல்லின் மேலே சின்னத் துளை போட்டு, முடி போல மெல்லிய கம்பிகளால் வேருக்குள் அழுகியதைச் சுரண்டி எடுப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், உள்ளே மூன்று குழாய், சிலருக்கு நான்கு. ஒன்றை விட்டாலும் கிருமி தங்கிவிடும், அதனால்தான் நேரம் பிடிக்கிறது. நடுவில் பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும். குழாயைக் கழுவும் மருந்து அது, பயப்பட வேண்டாம். கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற மரப்பாலை வைத்து அடைப்பார்கள்.

மூன்று தடவை என்பது கட்டாயமில்லை. சீழ் அதிகம் இல்லையென்றால் ஒன்று அல்லது இரண்டு தடவையிலேயே முடிக்கலாம். மலையிலிருந்து வருகிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது என்று டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். செலவுதான் பிரச்சினை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 20 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி வரும் என்று வெறும் வயிற்றோடு இறங்கி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டதும் அவர்களுக்குத்தான் தலை சுற்றும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். திரும்பிப் போகும்போது உதட்டு மரப்பு போகும்வரை எதையும் மெல்ல வேண்டாம், தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் கடித்தால் லேசாக வலிக்கும், டாக்டர் சொல்லும் வலி மாத்திரை போதும். அதைவிட வலி கூடினாலோ, கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டருக்குச் சொல்லுங்கள். தாடைக்குக் கீழே வீக்கம் பரவி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானால், ராத்திரியானாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிடுங்கலாமா? பல் வேர் வரை பிளந்திருந்தால் வேறு வழியில்லை. உங்கள் பல்லைக் காப்பாற்றலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பிடுங்கிய இடத்தில் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் கீழே இறங்கும், பிறகு கட்டுப்பல் வைக்க ஆகும் செலவு பெரும்பாலும் இதைவிட அதிகம்.

நான் மிகவும் வற்புறுத்துவது கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை பற்றித்தான். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நிறையப் பகுதி சொத்தையில் போயிருக்கும், மீதிச் சுவர் எளிதில் பிளக்கும். என்னிடம் வந்த ஒருவர் வலி போனதும் தற்காலிக சிமெண்ட்டோடு எட்டு மாதம் இருந்துவிட்டார். ஒரு மாலை தட்டுவடை செட் கடிக்கும்போது பல் நெடுக்கே இரண்டாகப் பிளந்தது. வேர் நன்றாகவே அடைத்திருந்தது, ஆனாலும் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. கேப் போடும்வரை அந்தப் பக்கம் தட்டுவடை, முறுக்கு, எலும்பு எதுவும் வேண்டாம்.

கேப் போட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இப்போது வேர் நுனியில் கறுப்பாக ஏதாவது தெரிந்திருந்தால், அங்கே எலும்பு வளர்ந்து வெளுத்து வருவதை டாக்டர் உங்களுக்குக் காட்டுவார்.