அரை விலை டிக்கெட்டும் முழு விலை மகனும்

கேலரி பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே போய் ரக்பி லீக் பைத்தியம் பிடித்து, சீசன் தொடங்கும் முன்பே முழுப் பணமும் கட்டி சீசன் டிக்கெட் வாங்கிவிட்டான். இப்போது அதே கிளப், ‘இந்த வியாழக்கிழமை மேட்சுக்கு டிக்கெட் பாதி விலை’ என்று ஊருக்கெல்லாம் மெயில் அனுப்புகிறதாம். “முன்னாடியே காசு கட்டினவன் முட்டாளாம்மா?” என்று போனில் கத்துகிறான். எதற்காக இப்படி விற்கிறார்கள்?
– ஒரு தாய், அல்சூர்

பதில்: உங்கள் பிள்ளை முட்டாள் இல்லை அம்மா. ஆனால் கோபப்பட அவருக்கு நியாயம் இருக்கிறது.

ரக்பி லீக் என்பது ரக்பியிலேயே ஒரு தனி வகை. அந்த ஆட்டம் பிறந்ததே காசுத் தகராறில்தான். இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடு கட்டலாமா என்று கேட்டதற்கு மேலிடம் சம்மதிக்கவில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கத்திக் கிளப்புகள் தனியாகப் பிரிந்து வந்துவிட்டன. பதினைந்து பேர் ஆடிய ஆட்டம் பிறகு பதின்மூன்று பேர் ஆட்டமானது. பார்க்க வந்தவர்களும் வாரக்கூலி வாங்குகிறவர்கள்தான். அதனால் அங்கே டிக்கெட் விலை என்றைக்குமே வீட்டுச் செலவுக் கணக்கில் வரும் விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1954-ல் பிராட்ஃபோர்டு ஊரின் ஆட்சல் மைதானத்தில் வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மோதிய சேலஞ்ச் கோப்பை மறு இறுதி ஆட்டத்துக்குப் பதிவான கூட்டம் 1,02,569. அது ஒரு புதன்கிழமை. ஆட்டத்தில் விஷயம் இருந்தால் வேலை நாளிலும் ஜனம் வரும்.

ஆனால் எல்லா ஆட்டமும் இறுதி ஆட்டம் ஆகிவிடாது அல்லவா? புனித வெள்ளி சமயத்தில் பரம வைரிகளான விகனும் செயின்ட் ஹெலன்ஸும் மோதுகிறார்கள் என்றால் யாரும் தள்ளுபடி மெயில் அனுப்ப மாட்டார்கள். வியாழக்கிழமை ராத்திரி ஆட்டம் பெரும்பாலும் டிவிக்காக வைப்பது. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எதிரணி ரசிகன் அரை நாள் லீவு போட்டு வர வேண்டும். உள்ளூர்க்காரனுக்கோ அதே ஆட்டம் வீட்டு சோபாவிலேயே கிடைக்கிறது. நிலைமை இப்படி இருக்க, விற்காத நாற்காலியை நாளைக்கு எடுத்து வைக்க முடியுமா? கே.ஆர். மார்க்கெட்டில் சாயங்காலம் மல்லிகை விலை சரிவது மாதிரிதான். உள்ளே வந்தவன் தின்பண்டம் வாங்குவான், பிள்ளைக்கு ஜெர்ஸி வாங்குவான். காலி நாற்காலி டிவியில் அசிங்கமாகத் தெரிவது வேறு.

கணக்கு வரைக்கும் சரி. நான் ஒத்துக்கொள்ளாதது, யாருக்குத் தள்ளுபடி என்பதைத்தான். வங்கி வேலையில் இருந்த காலத்தில் வாரக் கடைசியில் இங்கே ஒரு கால்பந்து மைதானத்தின் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருவேன். கூட்டம் குறைவாக இருந்தால், இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டைத் திறந்துவிடச் சொல்வார்கள். நல்ல மனதோடு செய்ததுதான். மர்பி டவுனிலிருந்து ஒரு பெரியவர் எப்போதும் முதல் ஆளாக வந்து முழு விலை கொடுப்பவர். இரண்டு மேட்ச் பார்த்தார். பிறகு அவரும் வெளியே டீக்கடையில் நின்று, கேட் திறந்ததும் உள்ளே வர ஆரம்பித்தார். “ஏன் சார் லேட்?” என்று கேட்டேன். “லேட் இல்லப்பா, நீங்க சொன்ன நேரம்தானே இது” என்றார். தவறாமல் வருகிற ஆளைக் காத்திருக்கப் பழக்கினால் அவரைத் திரும்ப முழு விலைக்குக் கொண்டுவருவது மகா கஷ்டம்.

அதே பிராட்ஃபோர்டில் கால்பந்துக் கிளப் ஒன்று இருக்கிறது, பிராட்ஃபோர்டு சிட்டி. அவர்கள் 2015-16 சீசனுக்கு, வருஷம் முழுக்கப் பார்க்கும் டிக்கெட்டையே 149 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் அடுக்கில் ஆடும் அணி, 18,000-க்கும் மேல் வாங்கினார்கள். தள்ளுபடியைக் கடைசி நிமிடத்தில் வருபவனுக்குக் கொடுக்காமல், முதலில் வருபவனுக்குக் கொடுத்தார்கள். எனக்கு இதுதான் சரி.

உங்கள் மகனை இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். சீசன் டிக்கெட் விலையை உள்ளூர் ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கட்டும். ஒரு ஆட்டத்துக்கு விழும் தொகை, அந்தப் பாதி விலைக்குப் பக்கத்தில் வந்தாலும் வரும். வந்தால் ரத்தக்கொதிப்பு குறையும். வராவிட்டால் கிளப்புக்கு எழுதி, ‘இந்த மாதிரி ஆட்டங்களுக்கு எனக்கு ஒரு விருந்தாளி டிக்கெட் கொடுங்கள்’ என்று கேட்கட்டும். கேட்காமல் எந்தக் கிளப்பும் கொடுக்காது. மருமகளையும் கூட்டிப் போகலாம்.

கேள்வி: நம் ஊரில் ரக்பி யார் சார் பார்க்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், பனசங்கரி

பதில்: 2025 ஜூனில் மும்பை அந்தேரியில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது தெரியாதா தம்பி? இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ், டெல்லி ரெட்ஸை 41-0 என்று உருட்டிவிட்டது. நம் பெங்களூருக்கும் பிரேவ்ஹார்ட்ஸ் என்று அணி உண்டு. ஆனால் அது ஏழு பேர் ஆடும் செவன்ஸ், மேலே சொன்ன பதின்மூன்று பேர் ரக்பி லீக் வேறு.

கேள்வி: ஐ.பி.எல். மேட்சுக்கு உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி இரண்டு பாஸ் வாங்கித் தர முடியுமா?
– பெயர் வேண்டாம், ஸ்ரீராமபுரம்

பதில்: முடியாது. என் சம்பந்தியே கேட்டுக் கேட்டு இப்போது என்னோடு பேசுவதில்லை.

கேள்வி: நாங்கள் ஆஸ்டின் டவுன் பையன்கள். கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். டிக்கெட் 50 ரூபாய். லீக் ஆட்டங்களுக்கு ஆளே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து இலவசம் என்று பேனர் போட்டுவிடலாமா?
– போட்டிக் குழு, ஆஸ்டின் டவுன்

பதில்: போடாதீங்க தம்பிங்களா.

2025 ஜனவரியில் டெல்லியில் ரஞ்சி ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் குவிந்தது. அனுமதி இலவசம்தான். ஆனால் வந்தவர்கள் இலவசத்துக்காக வரவில்லை, கோலிக்காக வந்தார்கள். அவர் 6 ரன்னில் போல்டானதும் எழுந்து போய்விட்டார்கள். பெரும்பாலான ரஞ்சி ஆட்டங்களைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம், எத்தனை பேர் போகிறார்கள்? அதனால் முதலில் உங்கள் கோலி யார் என்று பாருங்கள். கௌதமபுரம் அணி ஆடுகிறது என்றால் அந்தத் தெருவில் போய்ச் சொன்னீர்களா? அங்கே பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கால்பந்து என்று சொன்னால் காது கொடுப்பார்கள்.

டிக்கெட் இருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே ஓரளவு தெரியும், அது இன்னொரு லாபம். 2025 ஜூன் 4 அன்று ஆர்.சி.பி. வெற்றி விழாவின்போது சின்னசாமி கிரிக்கெட் மைதான வாசலில் நெரிசலில் 11 பேர் செத்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. சுமார் 35,000 பேர் உட்காரும் இடத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம். உள்ளே போக என்ன வேண்டும், யாருக்கு இடம் என்று பலருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. உங்கள் மைதானம் சின்னது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கேட்டில் எண்ணாமல் விடும் பழக்கம் வேண்டாம்.

யாருக்குச் சலுகை என்று தேர்ந்தெடுங்கள். 2023-ல் முதல் பெண்கள் பிரீமியர் லீக் மும்பையில் நடந்தபோது பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அனுமதி இலவசம் என்றார்கள். இதுவரை வராத கூட்டத்தை வரவழைக்கும் முயற்சி அது. நீங்களும் அப்படிச் செய்யலாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் கால்பந்து அணிகளுக்குச் சீருடையில் வந்தால் 10 ரூபாய். கூட வரும் அப்பா அம்மா 50 கொடுக்கட்டும். முதல் நாள் வந்தவன் பழைய டிக்கெட்டைக் காட்டினால் அரையிறுதிக்கு 30. டிக்கெட்டில் முழு விலையைக் கட்டாயம் அச்சடியுங்கள்.

கடைசியாக, உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். லீக் ஆட்டமெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த வெயிலில் நானே வர மாட்டேன். நாலரைக்கு மாற்றிவிட்டு எனக்கு ஒரு தகவல் போடுங்கள். 50 ரூபாய் கொடுத்தே வருகிறேன்.