செய்தியில் வரும் வளரும் நாடுகளை மாணவர்கள் ஆராய்வது எப்படி? கேள்வி பதில்

வளரும் நாடுகளைப் பற்றிய செய்திகளை வகுப்பில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்தால் தலைநகரம், கொடி, மக்கள்தொகை ஆகியவற்றை விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இதை ஆய்வாக மாற்றுவது எப்படி?

நாட்டைக் கொடுக்காதீர்கள். அந்நாட்டைப் பற்றிய ஒரு செய்தியைக் கொடுங்கள். அதிலும் ஒரே ஒரு தொடரை அடிக்கோடிட்டுக் கொடுங்கள். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது ஹெய்ட்டி நிலநடுக்கச் செய்தி. 2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவில் நிகழ்ந்த அந்தப் பேரழிவைப் பற்றிய செய்திகள் பலவற்றில் ‘மேற்கு அரைக்கோளத்தின் மிக ஏழை நாடு’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தது. அதன் அடியில் கோடிட்டு, ‘ஏன்?’ என்று மட்டும் எழுதித் தருவேன்.

ஒரு குழு கட்டடங்களின் பக்கம் போகும். அடுத்த மாதமே சிலியில் 8.8 அளவில் நிலம் அதிர்ந்தும் அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர்தான் என்பதைக் கண்டறிந்து, நிலநடுக்க மையம் தலைநகருக்கு எவ்வளவு அருகில் இருந்தது, கட்டட விதிகள் எந்த நாட்டில் நடைமுறையில் இருந்தன என்று தேடத் தொடங்கும். இன்னொரு குழு வரலாற்றின் பக்கம் போகும். அடிமைகளாக இருந்தவர்கள் போராடி 1804இல் விடுதலை பெற்ற ஹெய்ட்டியிடம், 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தன் முன்னாள் தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. இதைத் தானே தேடிக் கண்ட ஒரு மாணவி, “இதை ஏன் ஒரு வரிகூடச் செய்தியில் எழுதவில்லை?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியையே அவளுடைய அடுத்த ஆய்வுத் தலைப்பாக்கினேன்.

எந்த நாடுகளை ‘வளரும் நாடு’ என்று சொல்வது? பாடநூல்களில் ஒரே பட்டியல் இல்லையே.

இருக்கவும் முடியாது. உலக வங்கி நாடுகளைத் தலா வருமானத்தின்படி நான்கு பிரிவுகளாக்கி, ஆண்டுதோறும் ஜூலையில் திருத்துகிறது. 2016இல் தன் வளர்ச்சிக் குறியீட்டுத் தொகுப்பில் ‘வளரும்’, ‘வளர்ந்த’ என்ற பாகுபாட்டையே கைவிட்டது. ஐ.நா.வோ வளர்ச்சியில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலை 1971 முதல் தனியாக வைத்திருக்கிறது. எந்தப் பட்டியலை, எந்த ஆண்டின் நிலவரப்படி எடுத்தார்கள் என்று மாணவர்கள் எழுதினால் போதும்.

ஒரே நாட்டுக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் வருகின்றன. மாணவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

அந்தக் குழப்பம் வரவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன், ஏனெனில் உண்மையான ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டுக்கு நைஜீரியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 27,000 கோடி டாலர் என்று ஒரு செய்தியிலும், 51,000 கோடி டாலர் என்று இன்னொரு செய்தியிலும் இருக்கும். இரண்டையும் அருகருகே ஒட்டிக் கொடுங்கள். பெரும்பாலான மாணவர்கள் ஒன்று அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள், அப்படியல்ல. 2014 ஏப்ரலில் நைஜீரியா கணக்கீட்டின் அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளையும் துறைகளின் பங்கையும் எந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவது என்பதை, 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. பழைய கணக்கில் கைப்பேசித் துறைக்கும் திரைப்படத் துறைக்கும் உரிய இடமே இல்லை. அவற்றைச் சரியாகச் சேர்த்தபோது, அந்நாடு ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரமாயிற்று. அந்த நாளில் எந்த நைஜீரியரின் சட்டைப்பையிலும் ஒரு நைராகூடக் கூடுதலாக வரவில்லை. இதைப் புரிந்துகொண்ட மாணவர், எந்த எண்ணைப் பார்த்தாலும் யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

‘ஆப்பிரிக்காவில் எபோலா’ என்பதுபோலக் கண்டத்தையே ஒரு நாடாக எழுதுகிறார்கள்.

செய்தித் தலைப்புகளும் அப்படித்தான் எழுதின. வரைபடத்தையும் அளவுகோலையும் கையில் கொடுங்கள். 2014 முதல் 2016 வரை நோய் கடுமையாகப் பரவி, 11,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில். லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவிலிருந்து கென்யாவின் நைரோபி 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஸ்பெயினின் மாட்ரிட் அதைவிட அருகில் இருக்கிறது. ஆயினும் பயணங்களை ரத்துசெய்தவர்கள் கென்யாவுக்கான பயணங்களையே ரத்துசெய்தார்கள். மாணவர்கள் தாங்களே அளந்து பார்த்த தொலைவை மறப்பதில்லை.

எத்தனை ஆதாரங்கள் கேட்கலாம்?

பதின்மூன்று வயது மாணவருக்கு மூன்று போதும். அவற்றில் ஒன்று அந்த நாட்டிலேயே வெளிவரும் நாளிதழாக இருக்கவேண்டும். வங்கதேசம், கென்யா, கானா முதலிய நாடுகளின் ஆங்கில நாளிதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

செய்தி ஓய்ந்தபின் ஆய்வையும் முடித்துவிடலாமா?

வேண்டாம். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டபோது உலகமே எழுதியது. அடுத்த மாதம் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதையும், அதன்பின் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆய்வு செய்யப்பட்டதையும் எழுதியவர்கள் மிகச் சிலரே. ஆகவே நான் ஒவ்வொரு குழுவையும் மூன்று மாதம் கழித்து அதே நாட்டுக்குத் திரும்பச் சொல்கிறேன். முதல் அறிக்கையின் அடியில் அரைப் பக்கத்தை அதற்காகவே காலியாக விடவைக்கிறேன்.