பி.காம். சி.ஏ. படித்தால் ஆடிட்டர் ஆகலாமா? மூன்று வருடத்துக்கு எவ்வளவு செலவாகும், வேலை கிடைக்குமா?

மகள் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், தனியார் கல்லூரியில் பி.காம். சி.ஏ. சேர்த்தால் ஆடிட்டர் ஆகிவிடுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பி.காம். சி.ஏ.வில் வரும் சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ., சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், முற்றிலும் வேறு. அதை எந்தக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் தர முடியாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஐ.சி.ஏ.ஐ. (இந்திய சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்கள் நிறுவனம்) மட்டும்தான் அந்தத் தேர்வை நடத்துகிறது.

எங்கள் வீட்டில் இந்தக் குழப்பம் ஒரு வருடம் நீடித்தது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2010இல் என்னைச் சேர்க்கப் போனபோது, அட்மிஷன் மேசையில் இருந்தவர் "சி.ஏ.தானுங்க" என்றார். அப்பா வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டினார். சொந்தக்காரர்களிடம் எல்லாம் "பாப்பா ஆடிட்டருக்குப் படிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் செமஸ்டரில் புரோகிராமிங் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அன்று இரவு அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இன்னும் எத்தனை வருசம் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பி.காம். சி.ஏ. மோசமான படிப்பு என்று சொல்லவில்லை. ஆனால் கணக்குத்தான் விருப்பம் என்றால் வெறும் பி.காம்., அல்லது கோவைப் பக்கம் பி.காம். பி.ஏ. என்று சொல்லும் புரொஃபஷனல் அக்கவுண்டிங், சென்னைப் பக்கம் அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், இவற்றைப் பாருங்கள். மூன்று வருடப் பாடத்திட்டத்தை வாங்கி, கணக்கு, வரி, தணிக்கை என்று எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

செலவு விஷயம். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். எங்கள் ஊரில் சிக்கண்ணா அரசுக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இரண்டும் இருக்கின்றன. உதவி பெறும் கல்லூரி என்றால் கவனம் தேவை. ஒரே வளாகத்தில் எய்டட் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். சுயநிதியில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் வருடம் 30,000இல் இருந்து ஒரு லட்சம் வரை கட்டுகிறார்கள்.

மகள் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருடத்தில் 36,000. சி.ஏ.வின் இரண்டாம் கட்டமான இன்டர் தேர்வுக்கு, அதில் இருக்கும் இரண்டு குரூப்புக்கும் சேர்த்துப் பதிவுக் கட்டணம் சுமார் 18,000 என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். புதுமைப்பெண் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் பதிவுக் கட்டணத்துக்குத் தாராளமாகப் போதும். உண்மையான செலவு கோச்சிங்கில்தான் இருக்கிறது.

அவளுக்கு ஆர்வம் இருந்தால் முதல் வருடத்திலேயே சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதட்டும். நாலு தாள், 400 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 200 வேண்டும். தேறாவிட்டாலும் பட்டம் நிற்காது. பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேரடியாக இன்டருக்குப் பதியலாம். நான் போன வழி அதுதான். ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் இருந்து எடுக்கும் கட்டாயப் பயிற்சி, எங்கள் காலத்தில் மூன்று வருடம். 2023 ஜூலையிலிருந்து இரண்டு வருடம் ஆக்கிவிட்டார்கள். ஆனால் இப்போது இன்டர் இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்ட்டிகிள் சேர முடியும்.

நான் சி.ஏ. முடிக்கவில்லை. இன்டரில் ஒரு குரூப் தேறினேன். இரண்டாவது நாலு முறை எழுதியும் வரவில்லை. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் இருந்த அந்த மூன்று வருடம்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது. இன்று ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் முழுக்க என் பொறுப்பு, புதுப் பிள்ளைகளை எடுப்பதும் நான்தான்.

இன்டர்வியூவில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். எங்கள் கொள்முதல் பதிவேட்டையும் அந்த மாத ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யையும் (நமக்கு விற்றவர்கள் ஜி.எஸ்.டி.யில் காட்டிய பில்களின் பட்டியல்) கையில் கொடுப்பேன். சாயப்பட்டறை பில் ஒன்று நம் புத்தகத்தில் இருக்கும், 2பி-யில் இருக்காது. "இப்ப என்ன பண்ணுவீங்க?" பெரும்பாலும் அமைதிதான். 80 சதவீதம் வாங்கிய பிள்ளைகளும் டெபிட், கிரெடிட் விதியைத்தான் சொல்லத் தொடங்குவார்கள். போன முறை அரசுக் கல்லூரிப் பெண் ஒருத்தி உடனே, "அவங்க ஆர்-1 போட்டாங்களான்னு போன் பண்ணிக் கேக்கணும் மேடம். போடலைன்னா இந்த மாசம் கிரெடிட் எடுக்கக் கூடாது" என்றாள். ஆர்-1 என்பது விற்றவர் போடும் விற்பனைக் கணக்கு, கிரெடிட் என்பது வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். 14ஆம் தேதி 2பி வந்ததிலிருந்து 20ஆம் தேதி 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போடும் வரை ஒரு ஆபீஸ் எப்படி இயங்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள். அன்றே எடுத்தேன்.

சம்பளம்: வெறும் பி.காம். என்றால் திருப்பூரில் தொடக்கம் 12,000 முதல் 16,000 வரை. வேலை தெரிந்தவர்கள் நாலைந்து வருடத்தில் அதை இரட்டிப்பாக்குவதைப் பார்த்திருக்கிறேன். வவுச்சர் (வரவு செலவுச் சீட்டு) மட்டும் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் அங்கேயே நிற்பதையும் பார்த்திருக்கிறேன். சி.ஏ. முடித்தால் கதை வேறு. ஐ.சி.ஏ.ஐ. நடத்தும் கேம்பஸ் தேர்வில் சமீப ஆண்டுகளின் சராசரிச் சம்பளம் வருடத்துக்கு 12 லட்சத்தை ஒட்டி. ஆனால் அந்தச் சராசரி முடித்தவர்களுக்கு மட்டும் உரியது. பாதியில் நின்ற எங்களைப் போன்றவர்கள் அதில் இல்லை. இரண்டுக்கும் நடுவே வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. வழியும் இருக்கிறது, பட்டம் இருந்தால் போதும்.

ஆகவே தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கட்டணம் மிகச் சொற்பம். கவுன்சலிங்கில் இடம் வந்த பிறகு, முதல் செமஸ்டர் முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நீங்களே போய், சனிக்கிழமை மட்டும் பிள்ளை வந்து உட்காரட்டுமா என்று கேளுங்கள். ஜூலை, செப்டம்பர் மாதங்களில் அவர்களுக்கு ஆள் தேவைப்படும், வேண்டாம் என்று சொல்வது அபூர்வம்.