இன்சுலினுக்கு பாக்டீரியா போதும், எரித்ரோபாய்டினுக்கு ஏன் போதாது?

கேள்வி: சிறுநீரக நோயாளிகளுக்குப் போடும், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் என்ற மருந்தை பாக்டீரியாவில் தயாரிக்காமல் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் ஏன் தயாரிக்கிறார்கள்?

பதில்: இன்சுலினில் சர்க்கரைச் சங்கிலி கிடையாது, ஈ.கோலை பாக்டீரியா போதும். எரித்ரோபாய்டின் அப்படியல்ல; அதற்குச் சர்க்கரைச் சங்கிலிகள் வேண்டும், அவற்றை ஈ.கோலை பொருத்தாது. 165 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் மூன்று ஆஸ்பராஜின் அமினோ அமிலங்களிலும் ஒரு செரினிலும் சங்கிலிகள் தொங்குகின்றன. மொத்த எடையில் சுமார் 40 சதவீதம் சர்க்கரைதான். அவற்றின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை; அதற்கு அடியில் கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. அதை நீக்கிவிட்டாலும் சோதனைக் குழாயில் மருந்து நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உடலில் செலுத்தினால், வெளியே தெரியும் கேலக்டோஸைக் கல்லீரல் ஏற்பிகள் பற்றிக்கொள்ள, சில நிமிடங்களில் மருந்து ரத்தத்திலிருந்து காணாமல் போய்விடும். இதைப் புரிந்துகொண்டவர்கள் மேலும் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து டார்பெபாய்டினை உருவாக்கினார்கள். அது ரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த புரதப் பொறியியல் இதுதான்.

கேள்வி: எல்லா ஆஸ்பராஜினிலும் சங்கிலி ஏறுமா?

பதில்: ஏறாது. அடுத்ததற்கு அடுத்த இடத்தில் செரினோ திரியோனினோ இருக்க வேண்டும். நடுவில் புரோலின் இருக்கக் கூடாது. இவ்வளவும் பொருந்தியும் வெறுமையாக நிற்கும் இடங்கள் உண்டு. ஏறும்போது 14 சர்க்கரைகள் ஒரே கட்டாக, செல்லுக்குள் புரதம் தயாராகும் எண்டோபிளாச வலையில் ஏறும். பிறகு கத்தரிப்பு, அடுத்த செல் உறுப்பான கோல்கையில் புதுச் சர்க்கரைகள் சேர்த்து அலங்காரம்.

கேள்வி: நீரிழிவுக்குப் பார்க்கும் எச்பிஏ1சி-யில் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஏறுவதும் இதே முறைதானே?

பதில்: இல்லை. மேலே சொன்ன சங்கிலிகளை நொதிகள் ஏற்றுகின்றன, அங்கே நொதியே கிடையாது. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தானாக ஒட்டிக்கொள்கிறது, அது மிகுந்தால் இன்னும் கூடுதலாக ஒட்டும். பாடநூல்களே குழப்புகின்றன.

கேள்வி: பாலூட்டிச் செல் என்றால் எதுவும் சரியா?

பதில்: செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். எலிச் செல்களில் தயாரான அதன் சங்கிலிகளில் மனித உடல் தயாரிக்காத ஆல்பா-கேல் என்ற சர்க்கரை அமைப்பு இருந்தது. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சிலருக்கு முதல் ஊசியிலேயே கடும் ஒவ்வாமை. உண்ணி கடித்ததால் அந்தச் சர்க்கரைக்கு எதிர்ப்பொருள் அவர்கள் உடலில் முன்பே உருவாகியிருந்தது.

கேள்வி: ஒரே செல், ஒரே மரபணு. ஆனாலும் எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு முறையும் சங்கிலிகள் மாறுகின்றனவே?

பதில்: மாறத்தான் செய்யும். புரதத்துக்கு மரபணு வரிசை இருக்கிறது. சங்கிலிக்கு அப்படி அச்சு எதுவும் இல்லை. கோல்கையில் எந்த நொதி எவ்வளவு, சர்க்கரைக் கையிருப்பு எவ்வளவு என்பதே முடிவு செய்கிறது. முதலில் வளர்ப்பு ஊடகத்தில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். அது கூடினால் சியாலிக் அமிலம் குறையும். செல்களில் சிதைந்து அம்மோனியாவைத் தரும் ஊட்டமான குளூட்டமினை ஒரேயடியாகக் கொட்டுபவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன்.