எண்ணெய் வண்ணத்தில் பழகியவர் முட்டை டெம்பராவுக்கு வரலாமா? உங்கள் அனுபவம் எப்படி?

முட்டையின் மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் கலந்து வரையும் இந்த முறைக்குத் தாராளமாக வரலாம். ஆனால் ஈரம் காய்வதற்குள் இரண்டு நிறங்களைத் தூரிகையால் இழைத்து ஒன்றாக்கும் எண்ணெய் வண்ணப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பத்து வருடம் எண்ணெயில் வரைந்த எனக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

டெம்பரா சில நொடிகளில் காய்ந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் திரும்பவும் தூரிகையை வைத்தால் அடியில் இருக்கும் வண்ணமும் பெயர்ந்து வந்துவிடும். அதனால் கன்னத்தின் வளைவைக் காட்டுவதற்குக்கூட மெல்லிய தூரிகையை நன்றாகப் பிழிந்துவிட்டு, தலைமுடி கனத்தில் கோடு கோடாக இழுத்து, அதன் மேலேயே குறுக்காக இன்னொரு அடுக்கு, அப்புறம் இன்னொன்று என்று போக வேண்டும். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வைத் 1948-இல் டெம்பராவில் வரைந்த ‘கிறிஸ்டினாஸ் வேர்ல்டு’ படத்தில் அந்தக் காய்ந்த புல்வெளியைப் பெரிதாக்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வண்ணம் தயாரிப்பது எளிது. மஞ்சள் கருவை வெள்ளையிலிருந்து பிரித்து, உள்ளங்கை மாற்றி உள்ளங்கை உருட்டி ஈரத்தைத் துடைத்துவிட்டு, மேல்தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியால் குத்தினால் கரு மட்டும் கிண்ணத்தில் வடியும், தோல் கையில் நின்றுவிடும். அதில் கொஞ்சம் தண்ணீர். நிறப்பொடியைத் தனியாகத் தண்ணீரில் குழைத்து வைத்துக்கொண்டு, வரையும்போது இரண்டையும் ஏறக்குறைய சமமாகச் சேர்ப்பேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியில் கொஞ்சம் பூசிக் காயவிட்டுக் கத்தியால் சுரண்டுங்கள். தோல் மாதிரி உரிந்தால் சரி, பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. நம் ஊர் வெயிலுக்குக் கருவை அன்றன்றைக்கே உடைப்பதுதான் நல்லது.

நான் செய்த பெரிய தவறு பலகையில்தான். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசிய கேன்வாஸில் தொடங்கினேன், மூன்று வாரம் வரைந்த படம் செதில் செதிலாக உதிர்ந்தது. முட்டைக் கரு கலந்த வண்ணத்துக்கு வளையாத பலகையும், ஈரத்தை உறிஞ்சும் சுண்ணப் பூச்சும் தேவை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் பசையும் பூசித் தேய்ப்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலை. இங்கே பசை மட்டும் விலங்குத் தோலிலிருந்து எடுத்தது. எட்டு பூச்சு பூசி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் கோடு நான் நினைத்தபடி நின்றது.

என்னை இதில் கட்டிப்போட்டது அம்மாவின் முகம். சென்னீனோ சென்னீனி என்ற இத்தாலிய ஓவியர் 1400-ஐ ஒட்டி எழுதிய குறிப்புகளில், முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி அதன் மேல் தோலின் நிறத்தை ஏற்றச் சொல்கிறார். இளம் முகத்துக்கு நகரத்துக் கோழியின் வெளிர் கரு, வயதான, கறுத்த முகத்துக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்றும் பிரிக்கிறார். நான் நாட்டுக்கோழி முட்டையே வாங்கினேன். மாநிறத்துக்கு அடியில் பச்சை எடுபடுமா என்ற சந்தேகம் இருந்தது. செங்காவியும் மஞ்சள் காவியும் நாலைந்து அடுக்கு ஏறிய பிறகு, கண்ணுக்குக் கீழே கோடுகளுக்கு நடுவில் அந்தப் பச்சை லேசாகத் தெரிந்தது. அம்மாவின் முகத்தில் தினமும் பார்க்கிற நிழல் அது. எண்ணெயில் இரண்டு முறை முயன்றும் எனக்குக் கிடைக்காதது.

நீங்கள் தொடங்குவதென்றால் உள்ளங்கை அளவுப் பலகை போதும். இரண்டு காவி, பச்சை மண், டைட்டானியம் வெள்ளை, ஒரு கறுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். பொடியைக் குழைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். ஈயம், காட்மியம் கலந்த பொடிகள் இப்போதைக்கு வேண்டாம். முடித்த படத்தை உடனே பெட்டியில் மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். சில மாதங்கள் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள்.