மல்லின் (mullein, இலைல வெள்ளை ரோமம் இருக்கற வெர்பாஸ்கம் வகை மூலிகை) செடிக்கு வெயில் பிரச்சனையே இல்ல, தண்ணிதான் பிரச்சனை

லாஸ்பேட்டைலேர்ந்து ஒருத்தங்க: அக்கா, எங்க மொட்டை மாடில வெயில் கொளுத்துது, மல்லின் தாங்குமா?

நல்லாவே தாங்கும்மா, அதுக்கு நாள் பூரா வெயில் வேணும். நம்ம ஊர்ல அதக் கொல்றது ஐப்பசி கார்த்திகை மழைதான், இலை முழுக்க வெள்ளையா ரோமம் இருக்குல்ல, அதுல தண்ணி கோத்துக்கிட்டு குருத்து அழுகி அப்படியே வேர் வரைக்கும் போயிடும். அதனால மழை விட்டப்புறம் மார்கழி கடைசில விதைங்க, தண்ணிய எப்பவும் அடில மட்டும் ஊத்துங்க.

பாகூர் தம்பி: எங்களுது களிமண்ணு, ஓகேவா?

அப்படியே வேணாம் தம்பி. ஒரு அடி ஒசரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்துக்கோங்க. கடலூர் கேப்பர் மலை பக்கம் செம்மண் கிடைச்சா இன்னும் நல்லது. எரு கொஞ்சம் போதும்.

மஞ்சக்குப்பம் சார்: விதை போட்டு அரை இஞ்ச் மண்ணு மூடினேன், மூணு வாரமாச்சு, ஒண்ணும் வரல.

மண்ணு மூடினதாலதான் சார் வரல. விதை கசகசாவ விடப் பொடிசு, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். மணலோட கலந்து மேலாக தூவி, உள்ளங்கையால லேசா அமுக்கிட்டு ஸ்ப்ரேயர்ல தண்ணி அடிங்க, போதும். போட்ட மண்ண கொட்டிடாதீங்க, மேல் மண்ண கிளறி விட்டா வரும். அமெரிக்கால பீல்னு ஒரு பேராசிரியர் 1879ல பாட்டில்ல விதை போட்டுப் பொதச்சு வச்சார், அதுல ஒரு பாட்டில 2021ல எடுத்தப்ப முளைச்சது இந்த மல்லின் குடும்பத்து விதைங்கதான், அவ்ளோ கெட்டி உசுரு. ஆணிவேர் செடி, வளந்தப்புறம் பிடுங்கி நடாதீங்க.

முத்தியால்பேட்டை அக்கா: விதைய ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா பூக்குமா?

பூக்காதுக்கா. ரெண்டு வருஷச் செடி அது, மொத வருஷம் தரையோட இலைதான் விரியும், அந்த இலையோட இருக்கற செடிக்கு ஒரு குளிர்காலம் கிடைச்சாத்தான் அடுத்த வருஷம் தண்டு விடும். விதைய குளிர வைக்கறதுல ஒண்ணுமில்ல. காஷ்மீர், இமாச்சல்ல ஆள் ஒசரத்துக்கு தானா நிக்குது, நம்ம கடலோரத்துல இலைக்குன்னு மட்டும் வளங்க. மஞ்சப் பூதான் வேணும்னா வெர்பாஸ்கம் சைனென்ஸ் தேடிப் பாருங்க, மல்லினோட சொந்தக்காரச் செடி, நம்ம சமவெளில வயக்காட்டோரம் தானா வர்ற செடி.

நெல்லிக்குப்பம்: அப்பாவுக்கு சளி, இலைல டீ போடலாமா?

போடுறவங்க இருக்காங்க, ஆனா கெட்டித் துணில ரெண்டு தடவ வடிகட்டாம குடுக்காதீங்க, ரோமம் தொண்டைய அரிச்சு இருமல ஜாஸ்தி பண்ணிடும். விதைய தொடவே வேணாம், மீன் மயங்கறதுக்கு தண்ணில போட்ட விதை அது. அப்பாவுக்கு வீசிங் இருந்தா மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்கம்மா.